முகவரி தீர்ந்துபோன கதை: பெருமுக்கல் மலையிலிருந்து உங்கள் கைபேசி வரை



நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "புது போனில் ஏபிஎன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஐபிவி4, ஐபிவி6, ஐபிவி4/ஐபிவி6 என்று மூன்று காட்டுகிறது. எதை வைப்பது?" இதற்கான பதில் ஒரே வரிதான்: மூன்றாவதை வையுங்கள்.

ஏன் மூன்றாவது என்று கேட்டால் ஒரு வரியில் முடியாது. அதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. உலகத்தில் முகவரிகள் தீர்ந்துபோன வரலாறு அது. நம் கேட்டில் இருக்கும் கேமரா, எல்லா வீட்டுக்கும் பகிரப்படும் இன்டர்நெட் இணைப்பு, மாடிப்படி ஓரம் மாட்டியிருக்கும் ரௌட்டர் என்று சங்கக் கூட்டத்தில் நாம் பேசும் பல விஷயங்கள் அந்த வரலாற்றோடு சம்பந்தப்பட்டவை. அதனால் இந்த இதழில் முதலில் கதையையும், கடைசியில் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன்.

ஓய்மா நாட்டு முகவரி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே முக்தியாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள இடம். சுற்றியுள்ள இந்தப் பகுதி முழுவதும் பழைய ஓய்மா நாடு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு இதுதான்.

சோழர் காலத்தில் ஓர் ஊரைக் குறிப்பிட வேண்டுமானால் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிவிட மாட்டார்கள். முதலில் மண்டலம், நம் பகுதிக்கு ஜயங்கொண்ட சோழ மண்டலம். அதற்குள் நாடு, நமக்கு ஓய்மா நாடு. அதற்குப் பிறகுதான் ஊர். பெரியதில் தொடங்கிச் சிறியதற்கு இறங்குவார்கள். தஞ்சாவூரில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு ஓய்மா நாட்டின் ஒவ்வொரு ஊரும் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. மண்டலம் தெரிந்தால் ஓலையை அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம். அங்கிருப்பவர்களுக்கு நாடு தெரியும், நாட்டில் இருப்பவர்களுக்கு ஊர் தெரியும்.

இதே ஊர் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பதிவுகளில் 'பெர்மக்கோயில்' என்று வரும். 1760-ல் வந்தவாசிப் போர் முடிந்த கையோடு அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டைகளில் இதுவும் ஒன்று. பெர்மக்கோயிலும் பெருமுக்கலும் ஒன்றுதான் என்று தெரியாதவருக்கு அந்தப் பதிவு வேறு ஏதோ ஊரைப் பற்றியதாகவே தோன்றும். பெயர் வாய்க்கு வாய் மாறும். அதன்மேல் இருக்கும் நிர்வாகமும் மாறும்: 1993 செப்டம்பர் 30 வரை நாம் தென்னாற்காடு மாவட்டம், அதன்பின் விழுப்புரம் மாவட்டம்.

இந்தச் சிக்கலுக்காகத்தான் தபால் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடைக் கொண்டுவந்தது. ஆறு இலக்கம். திண்டிவனத்தின் 604001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் உள்ள மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று தபால் நிலையம். எண் வடிவில் இருந்தாலும் முறை பழையதுதான்: மண்டலம், நாடு, ஊர்.

இணைய முகவரியும் இதே மாதிரி இறங்கிவரும் ஒரு எண். 'ஐபி முகவரி' என்பது அதுதான். நீங்கள் கைபேசியில் ஒரு படம் பார்த்தால், அந்தப் படம் ஆயிரக்கணக்கான சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் எண்ணும் பெறுநர் எண்ணும் இருக்கும். எண் இல்லாவிட்டால் பொட்டலம் வந்து சேராது.

429 கோடி போதும் என்று நினைத்த காலம்

1977-ல் அமெரிக்காவில் இந்த முகவரியின் நீளத்தை முடிவு செய்யும் பொறுப்பு விண்ட் செர்ஃப் என்பவரிடம் இருந்தது. அன்று இணையம் ஓர் ஆராய்ச்சி. கணினி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பொருள். 32 பிட் நீளம் என்று தீர்மானித்தார். அதில் உருவாகும் மொத்த முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. 1981 செப்டம்பரில் இது அதிகாரபூர்வ ஆவணமானது. இதுதான் ஐபிவி4. 8.8.8.8 என்பதுபோல நான்கு எண்களும் இடையில் புள்ளிகளும் கொண்டது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது.

அன்றைக்கு உலக மக்கள்தொகையே சுமார் 450 கோடி. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்தால்கூட ஏறக்குறைய சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கணினி இருக்கும், கூடவே வீட்டு டிவி, கதவு மணி, கேட் கேமரா எல்லாம் முகவரி கேட்கும் என்று யாரும் எண்ணவில்லை.

முதலில் கேட்டவர்களுக்கு முகவரிகள் அள்ளிக் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஒன்றிடம் மட்டும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன. இந்தியா முழுமைக்கும் இன்றுவரை கிடைத்திருப்பவை சுமார் 4 கோடிதான். பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவர்களின் நிலைமை நமக்கு.

நாம் கடைசியில் வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இணையத்தின் தொடக்கம் 1986-ல் வந்த எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு. சென்னை ஐஐடியும் அதில் தொடக்கத்திலிருந்தே ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலம். அப்போது சென்னையும் பட்டியலில் இருந்தது. ஆனால் அது தொலைபேசி வழி டயல்-அப் இணைப்பு. மோடம் கீச்சிட்டுக் கத்தி இணைப்புக் கிடைத்ததும் ஒரு முகவரி தருவார்கள். துண்டித்தவுடன் அந்த முகவரி அடுத்தவருக்குப் போய்விடும். நூறு பேருக்குப் பத்து முகவரி இருந்தாலே சமாளிக்கலாம். அதனால் பற்றாக்குறை அன்று நம் கண்ணில் படவில்லை.

செக்யூரிட்டியின் நோட்டுப் புத்தகம்

முகவரி தீரப்போகிறது என்பது பொறியாளர்களுக்கு 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று தற்காலிக வைத்தியம், மற்றது நிரந்தர வைத்தியம்.

தற்காலிக வைத்தியம் 1994 மே மாதம் ஆவணமாக வந்த 'நாட்' என்ற முறை. அது நம் குடியிருப்பு கேட்டைப் போன்றது. குடியிருப்புக்கு வெளியே தெரிவது ஒரே ஒரு முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி பிளாக் 204-லிருந்து ஒருவர் கடிதம் அனுப்பினால், செக்யூரிட்டி தன் நோட்டில் '204 அனுப்பியது' என்று குறித்துக்கொண்டு, குடியிருப்பின் பொது முகவரியைப் போட்டு அனுப்புகிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து 204-க்குக் கொடுக்கிறார். வெளியில் ஒரு முகவரி, உள்ளே எத்தனை வீடு வேண்டுமானாலும் இருக்கலாம். உங்கள் வீட்டு வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கிறதே, அது உள்ளே மட்டும் செல்லும் ஃபிளாட் எண். பக்கத்து வீட்டிலும் அதே எண்தான் இருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. நோட்டில் எழுதாத ஒருவர் வெளியிலிருந்து தானாக வந்து நின்றால், அவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று செக்யூரிட்டிக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளிருந்து தொடங்கும் பேச்சுக்குத்தான் வழி, வெளியிலிருந்து தொடங்கும் பேச்சுக்கு வழியில்லை.

நிரந்தர வைத்தியம் 1995 டிசம்பரில் வந்தது. ஸ்டீவ் டியரிங், பாப் ஹிண்டன் இருவரும் எழுதிய ஐபிவி6. ஐந்தாம் எண் எங்கே என்று கேட்பீர்கள். அது வேறு ஒரு சோதனை முயற்சிக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. ஐபிவி6 முகவரியின் நீளம் 128 பிட். 2001:4860:4860::8888 என்பது ஓர் உதாரணம், 8.8.8.8 என்று மேலே பார்த்த அதே கூகுள் சேவையின் புது முகவரி இது. புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி. எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் வரலாம்.

மொத்த எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. சொன்னால் மனதில் நிற்காது. இப்படிப் பாருங்கள்: 4ஜி வலையமைப்பு உங்கள் ஒரு சிம்முக்குத் தரும் ஐபிவி6 பகுதிக்குள் பழைய இணையம் முழுவதையும் 429 கோடி தடவை அடுக்கி வைக்கலாம். அடுக்கும் முறை நம் கல்வெட்டு முறைதான். முகவரியின் முன்பகுதி உலகின் எந்தப் பகுதி என்று சொல்லும். நம்முடையது ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏபிநிக் என்ற பதிவகத்தின் கீழ் வருகிறது. அடுத்தது சேவை நிறுவனம். அடுத்தது வாடிக்கையாளர். பின்பாதி முழுவதும் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் கருவி.

நல்ல மருந்தை ஏன் இருபது வருடம் யாரும் சாப்பிடவில்லை?

ஐபிவி6 மட்டும் பேசும் கருவியும் ஐபிவி4 மட்டும் பேசும் கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் மொழிபெயர்ப்பவர் வேண்டும். அதனால் முதலில் மாறுபவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சியது, லாபம் இல்லை. எல்லா இணையதளமும் பழைய முகவரியில் இருக்கும்போது நான் ஏன் மாற வேண்டும் என்று சேவை நிறுவனங்கள் கேட்டன. பயனர்கள் யாரும் மாறவில்லையே என்று இணையதளங்கள் சொல்லின. நாட் முறை தற்காலிகமாக வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆன கதை.

2011 பிப்ரவரி 3 அன்று உலக மையக் கிடங்கில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே வருடம் ஏப்ரல் 15 அன்று ஆசிய-பசிபிக் பதிவகம் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. உலகத்திலேயே முதலில் வறண்டது நம் பகுதிதான். முகவரிகள் விலைக்கு வந்தன. அதே 2011-ல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு முகவரிக்கு 11 டாலருக்கு மேல். எம்ஐடி பல்கலைக்கழகமும் தன்னிடம் சும்மா கிடந்தவற்றில் ஏறக்குறைய பாதியை விற்கப்போவதாக 2017-ல் அறிவித்தது.

இந்தியாவில் டிராய் 2006-லேயே மாற்றத்துக்கான பரிந்துரைகளைத் தந்திருந்தது. தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் ஐபிவி6-க்கான முதல் தேசிய வழித்திட்டத்தையும், 2013 மார்ச்சில் இரண்டாவதையும் வெளியிட்டது. இரண்டாவதில் கைபேசிக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விதி இருந்தது: 2014 ஜூன் 30 முதல் இந்தியாவில் விற்கப்படும் இணைய வசதியுள்ள கைபேசிகள் ஐபிவி6 போக்குவரத்தைத் தாங்கக் கூடியவையாக இருக்க வேண்டும். உங்கள் போனில் அந்த வசதி ஏற்கெனவே இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

கைபேசி மாற்றிய கணக்கு

ஸ்மார்ட்போன் டயல்-அப் மாதிரி வந்து போகிற கருவி இல்லை. பையில் தூங்கும்போதும் அது இணைப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி, வங்கி அறிவிப்பு எல்லாம் அப்படித்தான் வருகின்றன. 4ஜி வந்த பிறகு வோல்ட்டி முறையில் குரல் அழைப்பும் பொட்டலங்களாகவே போகிறது. ஆக, ஒவ்வொரு போனுக்கும் 24 மணி நேரமும் ஒரு முகவரி வேண்டும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜி மட்டும். சுமார் 170 நாளில் 10 கோடி வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். நாடு முழுவதற்கும் 4 கோடி ஐபிவி4 முகவரி இருக்கும்போது, ஒரே நிறுவனத்துக்கு ஆறு மாதத்துக்குள் 10 கோடி போன்கள். ஐபிவி6 இல்லாமல் அந்தக் கணக்கு உதைக்கும். எனவே அந்த வலையமைப்பு ஐபிவி6-ஐ அடித்தளமாக வைத்தே கட்டப்பட்டது. ஓரிரு வருடங்களில் இந்தியா உலகின் முன்னணி ஐபிவி6 நாடுகளில் ஒன்றாகிவிட்டது. இன்று நம் நாட்டு இணையப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. பந்தியில் கடைசியில் உட்கார்ந்ததே நமக்கு இதில் சாதகமாகிவிட்டது.

கைபேசி மென்பொருள் பக்கமும் வேலை நடந்திருந்தது. ஐபிவி6 மட்டுமே உள்ள வலையமைப்பில் பழைய ஐபிவி4 செயலிகள் எப்படி ஓடும்? இதற்காக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த பொறியாளர்கள் 464எக்ஸ்லாட் என்ற முறையை உருவாக்கி 2013 ஏப்ரலில் ஆவணமாக்கினார்கள். போனுக்குள்ளேயே ஒரு சிறிய மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கும் ஏற்பாடு அது. அதே வருடம் வந்த ஆண்ட்ராய்டு 4.3-ல் அது சேர்க்கப்பட்டது. ஆப்பிள் வேறு வழியில் போனது: 2016 ஜூன் 1 முதல், ஐபிவி6 மட்டும் உள்ள வலையமைப்பிலும் ஓடாத செயலியை ஆப் ஸ்டோரில் ஏற்க மாட்டோம் என்றது. செயலி எழுதுபவர்கள் தங்கள் வேலையைத் திருத்திக்கொண்டார்கள்.

தொலைபேசி எண்ணிலும் நாம் இதேபோன்ற ஒரு பற்றாக்குறையைப் பார்த்திருக்கிறோம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைபேசியை அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்கச் சொன்னார்கள் அல்லவா? கைபேசி எண்கள் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் சுமார் 250 கோடி புது எண்களுக்கு இடம் கிடைத்தது.

முகவரியைப் பகிர்வதால் என்ன நஷ்டம்?

நியாயமான கேள்வி. எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

முதல் நஷ்டம் கேமரா. வெளியூரிலிருந்து நம் கேட் கேமராவைப் பார்க்க வேண்டுமென்றால், வெளியிலிருந்து உள்ளே வர வழி வேண்டும். பல சேவை நிறுவனங்கள் இப்போது ரௌட்டருக்கே தனி முகவரி தருவதில்லை. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. கேட்டுக்கு வெளியே இன்னொரு பெரிய கேட். இதனால் கேமரா நிறுவனங்கள் ஒரு சுற்று வழியைப் பிடித்தன: கேமரா தானாகவே நிறுவனத்தின் சர்வரை அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும், நீங்கள் அந்த சர்வர் வழியாகப் பார்ப்பீர்கள். நம் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறும் காட்சி, எங்கோ இருக்கும் ஒருவரின் சர்வரை நம்பி இருக்கிறது.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. முகவரி என்பது அடையாளமும்கூட. 2007-ல் ஒரு சமூக வலைத்தளத்தில் வெளியான அவதூறுப் படம் தொடர்பாகப் புனே காவல்துறை பெங்களூருவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளரைக் கைது செய்தது. படத்தை ஏற்றிய ஐபி முகவரியை அந்த நேரத்தில் வைத்திருந்தவர் யார் என்று கேட்டதற்கு வந்த பதில் தவறு. செய்யாத குற்றத்துக்கு அவர் 50 நாள் சிறையில் இருந்தார். முகவரி ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்ததும், யாருக்கு எப்போது தந்தோம் என்ற குறிப்பை மட்டுமே நம்ப வேண்டியிருந்ததும் அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தன. ஒரே நேரத்தில் நூறு பேர் ஒரே முகவரியில் இருந்தால் குழப்பம் எவ்வளவு கூடும் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில், இப்படிப் பெருந்தொகையாக முகவரி பகிர்வதை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரியது.

ஒரே இணைப்பை எல்லா ஃபிளாட்டுக்கும் பகிரும் குடியிருப்புகளுக்கு இது நேராகப் பொருந்தும். யாரோ ஒரு வீட்டு விருந்தாளி செய்த வேலைக்கு, வெளியே தெரிவது குடியிருப்பின் முகவரி. விசாரணை முதலில் வந்து நிற்பது சங்கத்தின் பெயரில். ஒருவரால் ஒரு தளம் அந்த முகவரியைத் தடை செய்தாலும், அத்தனை வீட்டுக்கும் அந்தத் தளம் திறக்காது.

தனி முகவரி என்றால் என்னைத் தொடர்ந்து வருவார்களா?

இந்தச் சந்தேகமும் சரியானதே. ஐபிவி6-இன் ஆரம்பத்தில் முகவரியின் பின்பாதி, கருவியின் வன்பொருள் எண்ணிலிருந்தே உருவாக்கப்பட்டது. நீங்கள் திண்டிவனத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பின்பாதி மாறாது. உங்கள் நடமாட்டத்தைப் பின்தொடர அது போதும். இதைக் கண்டுகொண்டு, பின்பாதியைத் தோராயமாக உருவாக்கி அவ்வப்போது மாற்றும் முறையை 2001 ஜனவரியிலேயே கொண்டுவந்தார்கள். இன்றைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் இதை இயல்பாகவே செய்கின்றன.

இன்னொரு கவனம் தேவை. நாட் முறையில் வெளியாள் உள்ளே வர முடியாதது ஒரு பக்கவிளைவு. அதைப் பலர் பாதுகாப்பு என்று நினைத்துப் பழகிவிட்டார்கள். ஐபிவி6-ல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு இருக்கும். கதவு இருந்தால் பூட்டும் வேண்டும். அந்தப் பூட்டு ரௌட்டரில் உள்ள ஃபயர்வால். அதை ஒருபோதும் அணைக்கக் கூடாது.

உங்கள் போனில் செய்ய வேண்டியது

பெரும்பாலான போன்களில் சிம் போட்டவுடன் எல்லாம் தானாக அமைந்துவிடும். சரிபார்க்க விரும்பினால், அல்லது ஏபிஎன் பக்கத்தை யாராவது மாற்றிவிட்டிருந்தால், ஆண்ட்ராய்டில் இப்படிச் செய்யுங்கள்:

1. 'அமைப்புகள்' திறந்து, 'நெட்வொர்க்' அல்லது 'மொபைல் நெட்வொர்க்' பகுதிக்குப் போய், உங்கள் சிம்மைத் தொடுங்கள். போன் நிறுவனத்தைப் பொறுத்துப் பெயர் சற்று மாறும்.

2. அதில் 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்' என்பதே ஏபிஎன் பக்கம். இப்போது தேர்வில் இருக்கும் ஏபிஎன்னைத் திறங்கள். பெயர், சர்வர் போன்ற மற்ற வரிகளைத் தொட வேண்டாம்.

3. கீழே 'ஏபிஎன் புரோட்டோகால்' என்ற வரி வரும். அதில் 'ஐபிவி4/ஐபிவி6' தேர்ந்தெடுங்கள். 'ரோமிங் புரோட்டோகால்' வரியைச் சேவை நிறுவனம் வைத்தபடியே விட்டுவிடுங்கள்.

4. மேலே மூன்று புள்ளியைத் தொட்டு 'சேமி' கொடுங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள். போன் புது முகவரி வாங்கிக்கொள்ளும்.

5. ஏதாவது குளறுபடி ஆனால் பயப்பட வேண்டாம். அதே மூன்று புள்ளிக்குள் 'இயல்புநிலைக்கு மீட்டமை' இருக்கும்.

'ஐபிவி6' மட்டும் ஏன் வேண்டாம்? உங்கள் சேவை நிறுவனம் அதற்குத் தயாராக இல்லையென்றால் இணையமே வராது. இரண்டும் சேர்ந்த தேர்வில், எது கிடைக்கிறதோ அதைப் போன் எடுத்துக்கொள்ளும். சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கும். அப்படியானால் அவர்களே அமைத்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். ஐபோனில் பொதுவாக இந்த வரியே கிடையாது. சிம் நிறுவனத்தின் அமைப்பு தானாக இறங்கும்.

சரிபார்க்க, 'போனைப் பற்றி' பக்கத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். முக்காற்புள்ளிகளோடு 2 என்ற எண்ணில் தொடங்கும் நீண்ட முகவரி இருந்தால் நீங்கள் புது முகவரியில் இருக்கிறீர்கள். கூடவே 192.0.0.4 என்று ஒன்று தெரிந்தால் குழம்ப வேண்டாம். முன்பு சொன்ன மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்தும் உள் எண் அது.

போனில் முடிந்தது, வீட்டில் பாக்கி

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டு வைஃபையில் இணைந்து அதே முகவரியைப் பாருங்கள். 'எஃப்இ80' என்று தொடங்கும் முகவரி மட்டும் தெரிந்தால், அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வெளியுலகத்துக்கு உங்கள் வைஃபை இன்னும் பழைய முகவரியில்தான் போகிறது.

நம் நாட்டில் கைபேசி வேகமாக மாறியது, கம்பிவழி இணைப்பு பின்தங்கியது. கைபேசி வலையமைப்பில் நிறுவனம் ஒரு இடத்தில் மாற்றினால் கோடிப் பேருக்கு மாறும். வீட்டு இணைப்பில் ஒவ்வொரு வீட்டு ரௌட்டரும் மாற வேண்டும். கெடு தள்ளித் தள்ளிப் போனது. கடைசியாக 2021 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு தரப்படும் புதிய வீட்டுக் கம்பிவழி இணைப்புகள் ஐபிவி6 தாங்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்றது. ஆகவே இதைக் கேட்பது சலுகை கேட்பது இல்லை. புது இணைப்பு எடுப்பவருக்கு அது கிடைக்க வேண்டிய ஒன்று.

நீங்கள் தனி இணைப்பு வைத்திருந்தாலும், சங்கம் மொத்தமாக ஒப்பந்தம் போட்டாலும், கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இணைப்பில் ஐபிவி6 உண்டா, ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனித் தொகுதி தருவீர்களா? ஒரே தொகுதியை எல்லோருக்கும் பகிர்ந்தால் பழைய சிக்கலில் பாதி அப்படியே இருக்கும்.

இரண்டு: நீங்கள் மாட்டப்போகும் ரௌட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இருக்கிறதா, அது போடப்பட்ட நிலையிலேயே வருமா? ரௌட்டரோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுவதும் இதோடு சேர்ந்தது.

மூன்று: கேமராப் பதிவுப் பெட்டி ஐபிவி6-ல் இயங்குமா? அடுத்த முறை பெட்டி மாற்றும்போது விலையோடு இதையும் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்ப்பதற்கு விபிஎன் வழியாக மட்டும் அனுமதிப்பது நல்லது. கேமராவை நேராக இணையத்தில் திறந்து வைக்க வேண்டாம்.

பழைய ரௌட்டர் நன்றாக ஓடுகிறது என்றால் இதற்காக மட்டும் இன்றே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஐபிவி4 இன்னும் பல வருடம் கூடவே இருக்கும். ஆனால் புதிதாக வாங்கும் எதுவும் பழைய முகவரியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஏபிஎன் பக்கம் புரியாத மூத்தவர்கள் உங்கள் பிளாக்கில் இருந்தால், இந்த ஐந்து படிகளை ஒரு முறை அவர்கள் போனில் செய்து கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.